குச்சி தானாகத் திரும்புகிறதா? போர் போடும் முன் போலி அறிவியலைப் பிரித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

அறிவியல் எது, அறிவியல் வேஷம் கட்டியது எது என்று சொல்லித்தரும் கட்டுரைகள் பெரும்பாலும் தட்டைப் பூமியில் ஆரம்பிக்கும். பூமி தட்டையா உருண்டையா என்பதால் நம் பையில் இருந்து ஒரு ரூபாய்கூடப் போகப்போவதில்லை. அதனால் நான் போர்வெல்லில் இருந்து ஆரம்பிக்கிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை, ஆயிரம் அடி ஓட்டியும் வெறும் புழுதி பறந்தால் போன பணம் போனதுதான். இவ்வளவு பெரிய செலவுக்கு இடம் குறித்துக் கொடுப்பது பல ஊர்களில் இன்றைக்கும் உள்ளங்கையில் வைத்த ஒரு தேங்காய், இல்லையென்றால் கவட்டை வேப்பங்குச்சி, அதுவும் இல்லையென்றால் எல் வடிவில் வளைத்த இரண்டு கம்பி. இதைக் கையில் பிடித்து நிலத்தில் நடந்து, அது எழும்புகிற, திரும்புகிற இடத்தில் தண்ணீர் என்று சொல்பவர்தான் நீரோட்டம் பார்ப்பவர்.

இதை ஒழுங்காகச் சோதிக்கத் தெரிந்துவிட்டால் மற்ற பலவற்றையும் சோதிக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில், சொல்வதை உடைத்துக் கேளுங்கள்

"இந்த இடத்துல தண்ணி இருக்கு" என்று நீரோட்டம் பார்ப்பவர் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் தப்பாகப் போக இடமே இல்லை. 90 அடியில் கசிந்தாலும் தண்ணீர்தான், 950 அடியில் அரை இன்ச் வந்தாலும் தண்ணீர்தான் (போரில் வரும் தண்ணீரின் அளவை இன்ச்சில்தான் சொல்வார்கள்). எப்படிப் போனாலும் சரியாகிவிடுகிற பேச்சை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்க முடியாது. அதனால் எத்தனை அடியில், எத்தனை இன்ச், நல்ல தண்ணீரா உப்பா என்று கேட்டு அவர் முன்னாலேயே எழுதுங்கள். இன்னொரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: "இதே காட்டில், அதாவது இதே நிலத்தில், எங்கே ஓட்டினால் தண்ணீர் வராது? அந்த இடத்தையும் காட்டுங்கள்." தண்ணீர் இருக்கும் இடத்தைக் கம்பி காட்டும் என்றால் இல்லாத இடத்தையும் அது காட்டத்தானே வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

கீழே என்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை. மேலே மண், அதன் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்பது மக்கிய பாறையிலும் கெட்டிப் பாறையில் விழுந்திருக்கும் வெடிப்புகளிலும்தான். நிலத்துக்கு அடியில் ஆறு மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் மேலே சரியாக நின்றால் குச்சி இழுக்கும் என்ற படம் இந்தப் பாறை நிலத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. தஞ்சாவூர் டெல்டா மாதிரி ஆற்று மணல் அடுக்கு இருக்கிற இடத்திலோ கதை நேர் எதிர், அங்கே பல இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலே தண்ணீர் கிடைக்கும். அங்கே போய் இடம் குறித்துக் கொடுப்பவருக்குத் தோல்வி என்பதே வராது.

குச்சி இல்லாமல் எத்தனை பேருக்கு வந்தது?

"அவர் பார்த்துச் சொன்ன பத்தில் எட்டு போர் தண்ணீர்" என்று சொன்னால் உடனே அசந்துவிடாதீர்கள். அதே ஊரில் யாரையும் கேட்காமல் வீட்டு மூலையில், வண்டி நுழைகிற இடமாகப் பார்த்துப் போட்டவர்களுக்குப் பத்தில் எத்தனை வந்தது? அதுவும் எட்டு என்றால் குச்சி ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து சுற்றுவட்டாரத்தில் இருக்கிற எல்லாப் போரையும் பட்டியல் போடுங்கள்: எத்தனை அடி, எத்தனை இன்ச், யார் இடம் பார்த்தது, காய்ந்ததா. மூடி போட்டு மறந்துபோன போர்களை விடாமல் கேட்டு எழுதுங்கள், ஏனென்றால் டீக்கடையில் பேசப்படுவது தண்ணீர் பீய்ச்சி அடித்த போர் மட்டும்தான். காய்ந்த போரைப் பற்றி அதன் சொந்தக்காரரே பேச மாட்டார்.

இந்தப் பட்டியல் நீரோட்டம் பார்ப்பவரைச் சோதிக்க மட்டும் இல்லை. பக்கத்துக் காட்டில் எந்த ஆழத்தில் வெடிப்பு தட்டியது என்பது உங்கள் போருக்கே உபயோகமான தகவல். போர் வண்டிக்காரர்களிடமும் கேளுங்கள், எந்தத் தெருவில் எத்தனை அடிக்குக் கேசிங் (மேல்மண் சரியாமல் தாங்கும் குழாய்) இறக்கினோம் என்பது அவர்களுக்கு அத்துபடி.

குச்சி நிஜமாகவே திரும்புகிறது. ஏன்?

இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். "கண்ணால பார்த்தேன், தேங்காய் எழுந்து நின்னுச்சு." நின்றது உண்மைதான், அதில் சந்தேகமே வேண்டாம். அந்த ஆள் ஏமாற்றுகிறார் என்றும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், பெரும்பாலானவர்கள் மனதார நம்பித்தான் செய்கிறார்கள். கேள்வி, அதை நிற்கவைத்தது தண்ணீரா, கையா என்பதுதான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சாண் நூலில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தாளில் கூட்டல் குறி வரைந்து அதற்கு மேலே பிடியுங்கள். கையை அசைக்காதீர்கள், ஆனால் மோதிரம் இடம் வலமாக ஆடுவதாக மனதுக்குள் நினையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஆடும். இப்போது முன்னும் பின்னும் என்று நினையுங்கள், திசை மாறும். கை அசைந்தது உங்களுக்கே தெரியாது. அடுத்து அதே நூலை ஓர் ஆணியில் மாட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் நினையுங்கள், ஒன்றும் நடக்காது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதைத்தான் 1833-இல் எழுதினார்: கைக்கு முட்டுக் கொடுத்தால் ஆட்டம் குறைகிறது, கண்ணைக் கட்டினால் நின்றுவிடுகிறது.

மைக்கேல் ஃபாரடே, அதாவது மின்காந்தத்தில் நாம் பாடப்புத்தகத்தில் படித்த அதே ஃபாரடே, 1853-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆவி வந்து மேசையை நகர்த்துகிறது என்று லண்டனில் பணக்கார வீடுகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை வைப்பது அப்போது பெரிய மோகம். அவர் மேசைக்கும் கைகளுக்கும் நடுவில் அட்டைகளை அடுக்கி, ஒன்றன் மேல் ஒன்று லேசாக வழுக்குகிற மாதிரி மெழுகுப் பசையால் ஒட்டினார். மேசை முதலில் நகர்ந்திருந்தால் கீழ் அட்டை முந்தியிருக்க வேண்டும், கைதான் நகர்த்தியது என்றால் மேல் அட்டை முந்தியிருக்கும். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. அப்புறம் கை தள்ளினால் உடனே காட்டிக்கொடுக்கும் ஒரு முள்ளை அவர்கள் கண்ணுக்கு எதிரிலேயே வைத்தார், மேசை நகர்வதே நின்றுபோனது. யாரையும் திட்டவில்லை, பொய்யர் என்று சொல்லவில்லை, ஒரு முள்ளை வைத்தார், அவ்வளவுதான். விமர்சனப் பார்வை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த முள்தான்.

வேப்பங்குச்சி இன்னும் எளிது. கவட்டையின் இரண்டு கையையும் வெளிப்பக்கமாக வளைத்துப் பிடிக்கும்போது அதில் ஏற்கெனவே விசை ஏறியிருக்கிறது, மணிக்கட்டு ஒரு நூல் அளவு திரும்பினால் போதும், குச்சி படாரென்று குப்புற விழும். எல் கம்பியும் அப்படித்தான், கை துளி சாய்ந்தால் கம்பி முழுதாகச் சுழலும். படுத்த தேங்காய் உள்ளங்கையில் எப்போதுமே அரைகுறையாகத்தான் நிற்கிறது. சிறிய அசைவைப் பெரிதாக்கிக் காட்டுகிற பொருளாகப் பார்த்துத்தான் எல்லா ஊரிலும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்த ரத்த வகை இருந்தால்தான் குச்சி பேசும் என்று சிலர் சொல்வார்கள், அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் சோதிக்கக்கூடிய ஒன்றுதான்.

விடை தெரியாத சோதனை

கொஞ்சம் மெனக்கெட வேண்டிய பகுதி இது. 20 லிட்டர் தண்ணீர் கேன் பத்து, மூடுவதற்குப் பத்து சாக்கு, ஒன்று முதல் பத்து வரை எழுதிய சீட்டு, ஆளுக்கொரு நோட்டுடன் இரண்டு நண்பர்கள் வேண்டும். ஒரு கேனில் தண்ணீர், மற்ற ஒன்பதில் மணல்.

எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு முதலில் அவரைக் குச்சியோடு நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கேன் எது என்று கண்ணுக்குத் தெரிகிறது, குச்சி திரும்பும். "இன்றைக்கு எல்லாம் சரியாக வேலை செய்கிறதா, இந்த ஏற்பாட்டில் ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்டு, பதிலை எழுதுங்கள். குறை இருந்தால் இப்போதே சரிசெய்யலாம், பிறகு சொன்னால் கணக்கில் சேராது.

அப்புறம் முதல் நண்பர் சீட்டு எடுத்து, அந்த எண் உள்ள இடத்தில் தண்ணீர் கேனை வைத்து, எல்லாவற்றையும் சாக்கால் மூடி, எண்ணைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு வேறு வழியாகப் போய்விட வேண்டும். யாரையும் பார்க்கக்கூடாது. இரண்டாவது நண்பருக்கு விடை தெரியாது, அவர்தான் நீரோட்டம் பார்ப்பவரோடு நடந்து, அவர் சொல்லும் எண்ணை எழுத வேண்டும். இப்படிப் பத்து முறை. நடுவில் சாக்கைத் தூக்கிப் பார்ப்பது, "இல்லண்ணே, தப்பு" என்பது எல்லாம் கிடையாது. கடைசியில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூட நடப்பவருக்கு ஏன் விடை தெரியக்கூடாது என்றால், முகம் காட்டிக்கொடுத்துவிடும். நூறு வருடத்துக்கு முன்னால் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டிப் பதில் சொல்லும். அதன் சொந்தக்காரர் ஏமாற்றவில்லை. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்பதை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதனை செய்து 1907-இல் எழுதினார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் லேசாக அசைந்திருக்கிறது, குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. ஒரு குதிரைக்கே இது முடியும்.

எத்தனை சரியாக வந்தால் ஒத்துக்கொள்வது? அதை ஆரம்பிக்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பத்துக் கேன், பத்து முறை என்றால் குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஒன்று சரியாகும். மூன்றோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்தில் வர நூற்றில் சுமார் ஏழு வாய்ப்பு இருக்கிறது, அதனால் மூன்றைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். ஐந்தோ அதற்கு மேலோ வர ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. ஐந்து வந்தால் நானே மறுபடியும் செய்து பார்க்க வண்டி ஏறி வருவேன்.

"கேன் வேற, பூமிக்குள்ள இருக்கிற ஊத்து வேற" என்று அவர் சொல்லலாம். நியாயமான பேச்சுதான், தட்டிக்கழிக்காதீர்கள். அப்படியென்றால் காட்டிலேயே செய்யலாம், ஓட்டக்கூட வேண்டாம். அவர் குறித்த இடத்தை இரண்டு எல்லைக் கல்லில் இருந்து டேப் பிடித்து அளந்து எழுதிவிட்டு, முளைக்குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அவரையே கண்ணைக் கட்டி, வேறு வரப்பில் இருந்து நடக்கவிடுங்கள். அல்லது முதல் ஆளைப் பற்றிச் சொல்லாமல் வேறொருவரைக் கூப்பிடுங்கள். நிலத்துக்குள் ஏதோ ஒன்று கம்பியை இழுக்கிறது என்றால் இரண்டு குறியும் ஒரே இடத்தில் விழ வேண்டும்.

பெரிய அளவில் இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் காசல் நகரில் 1990-இல் தரைக்கு 50 சென்டிமீட்டர் கீழே ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, அதில் தண்ணீரைத் திறந்தும் மூடியும் நீரோட்டம் பார்க்கிற 30 பேரிடம் "இப்போது ஓடுகிறதா இல்லையா" என்று கேட்டார்கள். இது நியாயமான சோதனைதான், எங்களுக்கு நூற்றுக்கு நூறு வரும் என்று அவர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வந்தது, நாணயம் சுண்டினால் வருகிற அளவு.

தோற்ற பிறகு வரும் காரணங்கள்

"இன்னும் அம்பது அடி போயிருந்தா அடிச்சிருக்கும்." "வண்டிக்காரன் முளையை விட்டு ரெண்டடி தள்ளி ஓட்டிட்டான்." "பக்கத்துக் காட்டுக்காரன் போர் போட்டதும் ஓட்டம் விலகிடுச்சு." "சந்தேகப்படுற ஆள் பக்கத்துல நின்னா குச்சி பேசாது." தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் ஜெயித்தபோது இதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை பாருங்கள். தண்ணீர் வந்தால் குச்சிக்குப் பெருமை, வராவிட்டால் வண்டிக்காரன் மேல் பழி என்று கணக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அங்கே நிறுத்திவிடலாம்.

படித்தவர்கள் சொல்கிற காரணமும் ஒன்று உண்டு, அது இன்னும் நுணுக்கமானது. 1987-88-இல் மியூனிக் பக்கம் இயற்பியலாளர்கள் ஒரு இரண்டு மாடிக் கொட்டகையில் பெரிய சோதனை நடத்தினார்கள். கீழே சக்கரம் வைத்த தண்ணீர்க் குழாய், அதை 10 மீட்டர் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், மேல்மாடியில் நடப்பவர் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 43 பேர், 843 சோதனை. 37 பேருக்கு ஒன்றும் வரவில்லை. மீதி ஆறு பேரில் சிலருக்கு நிஜத் திறமை இருக்கிறது என்று அறிக்கை எழுதினார்கள். 43 பேர் சீட்டுக் குலுக்கினாலும் மேலே ஆறு பேர் இருக்கத்தானே செய்வார்கள்! பின்னால் ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதே எண்களை எடுத்துக் கணக்குப் போட்டார். குச்சியே இல்லாமல் ஒவ்வொரு முறையும் "கோட்டின் நடுவில்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரைவிட, அங்கே தேறியவர்களிலேயே சிறந்தவர் 10 மீட்டரில் சராசரியாக 4 மில்லிமீட்டர்தான் குழாய்க்குக் கூடுதல் நெருக்கமாக இருந்தார். யாராவது "இத்தனை பேரில் இவருக்கு மட்டும் வந்தது" என்றால், அவரை மட்டும் தனியாக எடுத்துப் புதிதாகச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

பெட்டியும் லைட்டும் வைத்தால் அறிவியல் ஆகிவிடாது

குச்சியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள்கூட டிஸ்ப்ளே வைத்த கருவியைப் பார்த்தால் அடங்கிவிடுகிறார்கள். ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர் ஏடிஇ 651 என்று ஒரு வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவியை விற்றார். ஒரு கைப்பிடி, அதில் சுழலுகிற ஆன்டெனா. கோல்ஃப் பந்து தேட 20 டாலருக்கும் கீழே விற்ற விளையாட்டுச் சாமானில் இருந்து வந்தது அது, உள்ளே வேலை செய்கிற எதுவும் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால் நம் எல் கம்பிதான். ஈராக் அதை ஆயிரக்கணக்கில் வாங்கி பாக்தாத் சோதனைச் சாவடிகளில் வைத்தது. அதை நம்பி விட்ட வண்டிகளில் குண்டு போனது. 2013-இல் அவருக்கு 10 வருடச் சிறை. இதே வகையில் ஜிடி 200 என்ற கருவியை வாங்கிய தாய்லாந்து அரசு 2010-இல் ஒரு வழியாகச் சோதித்துப் பார்த்தது: நான்கு பெட்டி, ஒன்றில் வெடிமருந்து, 20 முறை. சரியாகச் சொன்னது நான்கு. கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினால் ஐந்து வரும்.

நிலத்தடி நீருக்கும் இப்படிக் கையில் பிடித்து நடக்கிற கருவிகளைக் கொண்டுவருவார்கள். மின்தடை ஆய்வு என்ற உண்மையான முறையில் இருந்து அதைப் பிரிப்பது கஷ்டமில்லை. மின்தடை ஆய்வில் நான்கு இரும்பு முளைகளைத் தரையில் அடிப்பார்கள், வெளியில் இருக்கும் இரண்டு வழியாக மின்சாரம் விட்டு, உள்ளே இருக்கும் இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள், முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க ஆழத்தின் விவரம் கிடைக்கும். ஷ்லும்பர்ஜர் சகோதரர்கள் நூறு வருடத்துக்கு முன்பே ஆரம்பித்த வேலை இது. கிடைப்பது எண், அதை நீங்கள் கேட்டு வாங்கலாம். நாளைக்கு வேறொருவர் அதே இடத்தில் அளந்தாலும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். கருவி யார் கையில் இருக்கிறது, அவர் ரத்த வகை என்ன, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இன்னொரு வித்தியாசம். நல்ல ஆய்வாளர் "கண்டிப்பா வரும்" என்று சொல்ல மாட்டார். மின்தடை குறைவாகக் காட்டினால் அது தண்ணீராகவும் இருக்கலாம், களிமண்ணாகவும் இருக்கலாம், உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம், அதனால் இன்ன ஆழத்தில் வாய்ப்பு இருக்கிறது என்றுதான் சொல்வார். இதைக் கேட்டால் நமக்குச் சப்பென்று இருக்கும், தேங்காய்க்காரர் அடித்துச் சொல்வதுதான் தெம்பாக இருக்கும். அடித்துச் சொல்கிறவரிடம்தான் கூடுதலாகக் கேள்வி கேட்க வேண்டும்.

பழசு எல்லாம் போலி இல்லை

இதை எல்லாம் படித்துவிட்டு ஊர்ப் பெரியவர் சொல்வது எல்லாமே மூடநம்பிக்கை என்று கிளம்பிவிடாதீர்கள். பழங்கால வானியல் அறிஞர் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதை என்ற நூலில் நிலத்தடி நீருக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார், எந்த மரத்துக்குப் பக்கத்தில் புற்று இருந்தால் எந்தப் பக்கம், எத்தனை ஆழத்தில் தண்ணீர் என்று. அதில் எது சரி எது தப்பு என்பதைத் தோண்டிப் பார்த்து எண்ணலாம், அதனால் அது சோதிக்கக்கூடிய கூற்று. சில மரங்கள் மேல்மட்ட ஈரத்தைக் காட்டுவதும் நடப்பதுதான். நாற்பது வருடம் காடு காடாக அலைந்த நீரோட்டக்காரருக்கு நிலத்தின் சரிவு, பாறை தலைகாட்டும் இடம், பக்கத்துக் கிணறு எல்லாம் பழக்கத்திலேயே தெரிந்திருக்கும். அவர் சொல்வது பலித்தால் அந்த அனுபவம் பலிக்கிறது என்றுகூட இருக்கலாம். குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "நிலத்தைப் பார்த்து மட்டும் சொல்லுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதற்கும் இதே கேள்விகள்தான். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்தது என்று ஒன்று வருடக்கணக்கில் சுற்றுகிறது. எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி, யார் அளந்தது என்று எதுவும் அதில் இருக்காது. தாழ்வான பாதையில் அது விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது, நிஜமாகவே நின்றால் விழ வேண்டியதுதான். சர்க்கரையை வேரோடு அறுக்கும் பொடி என்றால், சாப்பிட்டுக் குறையாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் வீடியோ எங்கே என்று கேளுங்கள். அதற்காக மாத்திரையை நிறுத்தி வீட்டில் சோதனை செய்யாதீர்கள், கேன் சோதனை வேறு, இது வேறு.

வீட்டில் சண்டை வராமல் செய்வது

அப்பா ஏற்கெனவே ஆளுக்குச் சொல்லிவிட்டார், தடுத்தால் வீடு ரெண்டாகும் என்றால் தடுக்காதீர்கள். வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அவர் குறித்த இடத்தையும், நீங்கள் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று இடங்களையும் சேர்த்து மின்தடை ஆய்வு செய்பவரிடம் கொடுங்கள், எது யார் குறித்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் பக்கத்து அலுவலகத்தில் இந்த ஆய்வுக்கு விண்ணப்பிப்பது பற்றி விசாரியுங்கள்.

போர் வண்டி வருவதற்கு முந்தின நாளே நோட்டில் தேதி, இடம், யார் எத்தனை அடியில் எத்தனை இன்ச் சொன்னார்கள் என்று எழுதி, கீழே ஓட்டிய அடிக்கும் வந்த இன்ச்சுக்கும் இரண்டு வரி காலியாக விட்டுவிடுங்கள். வண்டி கிளம்பிய அன்றைக்கே அதை நிரப்புங்கள். ஒரு மாசம் கழித்து நிரப்பினால் "அவரு அப்பவே சொன்னாரு" என்று வீட்டில் ஆளுக்கொரு அடி சொல்வார்கள்.